முரண்நகையும் தொனியும் கேட்போரும்: அமெரிக்க இடைநிலைப் பாடசாலை ஆங்கிலம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் இடைநிலைப் பாடசாலைகளில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஏறத்தாழப் 11 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்டோர்க்கு ஆங்கிலம் கற்பிக்கப்படும் முறையை நோக்குவோர், மூன்று கலைச்சொற்கள் அங்கே இடையறாது வழங்கப்படுவதைக் காண்பர். ஒன்று முரண்நகை, மற்றொன்று பிறரை இணங்கவைக்கும் உரைமுறைகள், மூன்றாவது தொனி. இவற்றுக்குத் தரப்படும் வரைவிலக்கணங்களும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டன. சொல்லப்படுவதற்கும் கருதப்படுவதற்கும் இடையேயுள்ள முரண் முரண்நகை எனப்படும். இணங்கவைக்கும் முறைகள் பேசுவோனின் நம்பகத்தன்மையையோ, உணர்ச்சியையோ, நியாயத்தையோ பற்றி நிற்பன. ஈதோஸ், பாதோஸ், லோகோஸ் என்னும் கிரேக்கப் பெயர்களாலேயே பன்னிரண்டு வயதுப் பிள்ளை இவற்றை அறிந்துகொள்கின்றது. தொனி என்பது தான் எடுத்துக்கொண்ட பொருள் குறித்து ஆசிரியன் கொண்டுள்ள மனப்பாங்கு. ஒரு பந்தி தரப்படும். அதன் கீழே 'கோபம்', 'ஏளனம்', 'துயரம்', 'நம்பிக்கை' என்றாற்போலச் சில சொற்கள் இருக்கும். பொருத்தமானதை மாணவர் தெரிவுசெய்வர்.

இம்முறை பயனற்றது என்று நிறுவுவது எமது நோக்கமன்று. விளம்பரங்களும் அரசியற் பேச்சுக்களும் நாற்புறமும் சூழ்ந்த ஒரு சமுதாயத்திலே, மொழி தன்னை எவ்வாறு வசப்படுத்துகின்றது என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வது அவசியமேயாகும். ஆயின், இம்மூன்று கருத்துக்களும் அறிஞர்களால் வகுத்துரைக்கப்பட்டபோது அவற்றின் நடுவிடத்திலே நின்ற ஒருவரை மேற்காட்டிய வகுப்பறை வரைவிலக்கணங்களில் நாம் காண்பதில்லை. அவர் கேட்போர். கேட்போர் நீங்கியதும், அப்பேச்சு நிகழ்ந்த சமூகமும் உடன் நீங்கிவிடுகின்றது. எஞ்சுவது பெயர்ச்சீட்டு மாத்திரமே. இக்கட்டுரை இதனையே ஆராய முற்படுகின்றது.

கலைச்சொற்கள் பற்றி முதலில் ஒரு விளக்கம். தொனி என்பது வடமொழிக் கவிதையியலில் குறிப்புப்பொருளை உணர்த்தும் கோட்பாட்டின் பெயர். தமிழ் விமரிசகர் ஆங்கிலக் கருத்தொன்றுக்கு அதே சொல்லை எடுத்தாண்டமையாற் குழப்பம் நேர்வதுண்டு. ஈண்டு அது பேச்சின் குரல்நிலையை மட்டுமே சுட்டும். முரண்நகையை வஞ்சப்புகழ்ச்சி என்று வழங்குவாரும் உளர். வஞ்சப்புகழ்ச்சி அதன் ஒரு வகையேயன்றி முழுமையன்று.

தொனி என்ற கருத்தை ஆங்கில விமரிசனத்திலே திட்டவட்டமாக வரையறுத்தவர் ஐ. ஏ. றிச்சேட்ஸ். 1929 இல் வெளிவந்த 'செயன்முறை விமரிசனம்' என்னும் நூலில், ஒரு கூற்றின் பொருளை அவர் நான்காகப் பகுத்தார்: கருத்து, உணர்ச்சி, தொனி, நோக்கம். இவற்றுள் பொருள் குறித்துப் பேசுவோன் கொண்ட மனப்பாங்கையே அவர் உணர்ச்சி என்றார். தொனி என்று அவர் கூறியது பேசுவோன் தன்முன் இருப்போர்பாற் கொண்ட மனப்பாங்கை. அவர்களைச் சமமானவராகக் கருதுகிறானா, தாழ்ந்தவராகக் கருதுகிறானா, அஞ்சுகிறானா, நம்புகிறானா என்பதே அங்கு வினா. இன்று வகுப்பறையிலே தொனியென்று கற்பிக்கப்படுவது றிச்சேட்ஸின் உணர்ச்சியே. அவருடைய தொனி எங்கோ வழியில் விடுபட்டுவிட்டது.

முரண்நகையின் நிலையும் இதுவே. 1926 இல் ஆங்கில வழக்குப் பற்றிய அகராதியை வெளியிட்ட பவுளர், முரண்நகை இருவகைக் கேட்போரை வேண்டி நிற்பது என்று விளக்கினார். ஒரு சாரார் சொல்லைக் கேட்டு அதன் மேலோட்டமான பொருளோடு அமைவர். மறு சாரார் உட்பொருளை அறிவதோடு, முன்னையோர் அதனை அறியாதிருப்பதையும் அறிவர். இணங்கவைக்கும் முறைகளுக்கோ அரிஸ்ரோட்டிலையே நேரிற் காணலாம். பேச்சு என்பது பேசுவோன், பொருள், கேட்போன் ஆகிய மூன்றாலும் ஆனது என்றும், அதன் குறிக்கோளை நிர்ணயிப்பவன் கேட்போனே என்றும் அவர் கூறுகின்றார். 'சொல்லாட்சிக் கலை'யின் இரண்டாம் நூலிலே கோபம், அச்சம், நாணம் முதலியவற்றை ஆராயுமிடத்து, அவ்வுணர்ச்சி எந்நிலையிலுள்ளோர்க்கு, யார்மீது, எக்காரணத்தால் உண்டாகின்றது என்று ஒவ்வொன்றுக்கும் வினவிச் செல்கின்றார். பாதோஸ் என்ற சொல்லுக்கு எதிரே 'உணர்ச்சி' என்று எழுதி முடித்துவிடும் பயிற்சித்தாள் இவ்வினாக்களை எழுப்புவதில்லை.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அடங்கும். எவ்விடத்தில் யார் யாருக்குக் கூறியது என்பதைக் குறிப்பால் உணரவைக்கும் முன்னம் என்ற உறுப்பும் அங்கு உண்டு. புறநானூற்றின் 95 ஆம் பாடலை எண்ணிப் பார்க்கலாம். தொண்டைமானின் படைக்கலங்கள் அழகுற அணிசெய்யப்பட்டுக் காவலோடு இருக்கின்றன. அதியமானுடையவை சிதைந்து கொல்லனது உலைக்களத்திற் கிடக்கின்றன. அவ்வளவே செய்தி. ஔவை தூது சென்றவர் என்பதையும், கேட்பவன் தொண்டைமான் என்பதையும் நீக்கிவிட்டால் அப்பாடலில் முரண்நகை எங்கே இருக்கின்றது?

கேட்போர் விடுபட்டது எவ்வாறு என்பது தனியாக ஆராயத்தக்கது. புதுத் திறனாய்வு எனப்பட்ட இயக்கத்துக்கு இதிற் பெரும் பங்குண்டு என்று சுருக்கமாகக் கூறலாம். புரூக்ஸும் வாரனும் 1938 இல் வெளியிட்ட 'கவிதையை விளங்கிக்கொள்ளல்' என்ற பாடநூல், கவிதையை அதன் சொற்களுக்குள்ளேயே நின்று வாசிக்கும் பழக்கத்தை அமெரிக்கக் கல்லூரிகளிற் பரப்பியது. புரூக்ஸ் முரண்நகையைக் கவிதைக் கட்டுக்கோப்பின் பொதுப் பண்பாகவே ஆக்கினார். விம்சாற், பியேட்ஸ்லி ஆகியோர் 1949 இல் எழுதிய கட்டுரை, வாசகனிடத்து விளையும் உணர்ச்சியைக் கொண்டு படைப்பை மதிப்பிடுவது தவறு என்று வாதித்தது. மனம்போன போக்கில் எழுந்த இரசனைக் குறிப்புகளிலிருந்து மாணவரை மீட்பதற்கு இக்கட்டுப்பாடு ஓரளவு உதவியது. அதனை மறுத்தல் நேர்மையன்று. எனினும் கல்லூரியில் ஒழுங்காக இருந்தது பாடசாலைக்கு இறங்கி வரும்போது வாய்பாடாகிவிட்டது.

இணங்கவைக்கும் உத்திகளின் பட்டியலுக்கு வேறொரு வரலாறு உண்டு. அது அரசியல் வரலாறு. 1937 இல் நியூயோர்க்கிலே பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனம் என்ற ஓர் அமைப்பு தோன்றியது. வசைப்பெயர் சூட்டல், பளபளக்கும் பொதுச்சொற்களை வழங்கல், மதிப்புள்ள ஒன்றன் பெருமையைப் பிறிதொன்றுக்கு மாற்றல், பிரபலமானோர் சான்று, 'நானும் உங்களில் ஒருவன்' என்று காட்டல், ஒருதலைப்பட்சமாகச் சான்றுகளை அடுக்கல், 'எல்லாரும் வருகிறார்கள், நீயும் வா' எனல் என்று பிரசாரத்தின் ஏழு உத்திகளை அது வகுத்தளித்தது. இப்பட்டியல் அமெரிக்கப் பாடசாலைகளில் இன்றும் வழங்குகின்றது. ஆனால் அந்நிறுவனம் 1939 இல் வெளியிட்ட நூலை நோக்கினால், அது இவ்வுத்திகளைச் சவர்க்கார விளம்பரத்திலே தேடவில்லை. யூத எதிர்ப்பை வானொலி வழியே பரப்பிய கொக்லின் பாதிரியாரின் பேச்சுக்களை வரிவரியாக எடுத்துக் குறியிட்டுக் காட்டிற்று. அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோர் மாணவரின் பெற்றோரும் அயலவருமாவர். அமெரிக்கா போரில் இறங்கிய பின்னர், எல்லாத் தரப்புப் பிரசாரத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது இயலாததாயிற்று; 1942 இல் நிறுவனம் செயற்பாட்டை நிறுத்திக்கொண்டது. தனது அரசே பிரசாரம் செய்யும் வேளையிற் பிரசாரப் பகுப்பாய்வு எவருக்கும் உவப்பானதன்று. ஏழு பெயர்கள் மட்டும் பாடநூல்களிலே தங்கின.

இனி, 2010 இல் வெளியிடப்பட்டு நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களால் ஏற்கப்பட்ட 'கொமன் கோர்' எனப்படும் பொது நியமங்களை நோக்கலாம். சில மாநிலங்கள் பின்னர் இவற்றைக் கைவிட்டன அல்லது பெயர் மாற்றித் திருத்திக்கொண்டன. எட்டாம் வகுப்புக்குரிய நியமம் ஒன்று, பாத்திரங்களின் நோக்குக்கும் பார்வையாளர் அல்லது வாசகரின் நோக்குக்கும் உள்ள வேறுபாட்டால் நகையோ எதிர்பார்ப்போ விளைவதை ஆராயச் சொல்கின்றது. நாடக முரண்நகையே இது. கேட்போருக்கு இங்கு இடமுண்டு என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் வெளிப்படக் கூறியதிலிருந்து உண்மையிற் கருதியதைப் பிரித்தறியும் பயிற்சி, அதாவது அங்கதம், ஏளனம், சொல்முரண்நகை என்பன, பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புக்களுக்கே வெளிப்படையாக விதிக்கப்பட்டுள்ளன. விளையாட்டுத் திடலிலே நாள்தோறும் ஏளனத்தைக் கேட்டும் சொல்லியும் வளரும் பிள்ளை அதனை ஆராய்வதற்குப் பதினாறு வயதுவரை காத்திருக்க வேண்டும் போலும்! அந்நியமங்களின் பின்னிணைப்பு வேறொரு பாகுபாட்டையும் செய்கின்றது. பேசுவோனது நம்பகத்தன்மையாலும் கேட்போரின் உணர்ச்சியாலும் தன்னலத்தாலும் இணங்கவைப்பது ஒன்று. கூற்றுக்களின் நியாயத்தால் இணங்கவைக்கும் வாதம் மற்றொன்று. பின்னையதே மேலானதாக வற்புறுத்தப்படுகின்றது.

இப்பாகுபாடு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சோதிப்பதற்கு அதே நியமங்களே ஒரு சான்றைத் தருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலானோர்க்கு எடுத்துக்காட்டாகப் பரிந்துரைக்கப்பட்ட நூல்களுள் ஒன்று, அடிமையாகப் பிறந்து தப்பியோடி விடுதலை இயக்கத்தின் பெரும் பேச்சாளரான பிரெடெரிக் டக்ளஸ் 1845 இல் எழுதிய தன்வரலாறு. அவர் பிறந்தது 1818 இல், மேரிலாந்து மாநிலத்தில். பால்ற்றிமோரில் வேலைப் பையனாக இருந்த காலத்தில் எசமானி எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினாள்; எசமானன் தடுத்தான். பின்னர் தெருவில் வெள்ளையினச் சிறுவர்க்குப் பாண் கொடுத்து மாற்றாகப் பாடம் கற்றான் அச்சிறுவன். பன்னிரண்டு வயதளவிலே, தான் உழைத்த ஐம்பது சதத்தைக் கொடுத்து ஒரு நூலை வாங்கினான். 1797 இல் வெளிவந்த 'கொலம்பியன் ஒறேற்றர்' என்ற பேச்சுக்கலைப் பாடநூல் அது. அதிலே எசமானனுக்கும் அடிமைக்கும் இடையில் நிகழும் உரையாடல் ஒன்று உண்டு. இரண்டாம் முறையும் தப்பியோடிப் பிடிபட்ட அடிமை, எசமானனின் நியாயங்களை ஒவ்வொன்றாக மறுக்கிறான். ஈற்றில் எசமானன் அவனை விடுதலை செய்கிறான்.

இன்றைய ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவனின் வயதுதான் அச்சிறுவனுக்கும். அவனும் இணங்கவைக்கும் முறைகளையே கற்றான். ஆனால் நூலின் எசமானன் நியாயத்துக்குச் செவிசாய்த்தவன். டக்ளஸின் எசமானர்கள் அவ்வாறானவர்களல்லர். பாடநூலிற் கேட்போனும் வாழ்விற் கேட்போனும் வேறு என்பதை அவர் உடல்நோவோடு கற்க நேர்ந்தது.

அக்கல்வியின் முதிர்ச்சியை 1852 யூலை 5 ஆம் திகதி ரொசெஸ்ரர் நகரின் கொறிந்தியன் மண்டபத்தில் அவர் ஆற்றிய சுதந்திர தின உரையிலே காணலாம். அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம் ஒன்று அவரை அழைத்திருந்தது. கூடியிருந்தோர் 500 முதல் 600 வரையிலானோர். அவர்களிற் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர், அடிமைமுறையை எதிர்த்தோர். இவ்வுண்மையை மனங்கொள்ளாது அவ்வுரையை வாசித்தல் இயலாது. முன்னிருப்போர் நண்பர். அவர்களையே அவர் தேசத்தின் பிரதிநிதிகளாக வைத்துக் குற்றம் சாட்டுகின்றார்.

'உடன்குடிமக்களே' என்று தொடங்குகின்றார். அவரது விடுதலை இங்கிலாந்து நண்பர்கள் 1846 இல் 150 பவுண் திரட்டி விலைகொடுத்து வாங்கிய விடுதலை. கறுப்பினத்தவர் இந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1857 இல். ஆகவே அந்த விளி வெறும் மரியாதைச் சொல்லன்று. தீர்க்கப்படாத ஒரு வழக்கு. தொடர்ந்து 1776 இன் தலைவர்களை அவர் மனமாரப் புகழ்கின்றார். எனினும் அவர்கள் 'உங்கள்' முன்னோர். அது 'உங்கள்' தேசம். 'உங்கள்' சுதந்திர தினம். கேட்போர் முதலில் இச்சொல்லைக் கவனியாது விட்டிருக்கலாம். அது மீண்டும் மீண்டும் வந்து குவிந்தபின், தன்னை எதற்காக இங்கே பேச அழைத்தீர்கள் என்று அவர் வினவும்போது, அதுவரை கேட்ட புகழுரை முழுவதும் வேறு பொருள் கொள்கின்றது. ஆங்கிலத்திலே நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை. கேட்போரை உள்ளடக்குவதும் விலக்குவதும் ஒரே சொல்லால் நிகழும். தன்மைப் பன்மை தராத பிளவை டக்ளஸ் முன்னிலைச் சொல்லால் உண்டாக்கினார். தமிழில் இவ்வுரையை ஆக்க முனைபவர் ஒவ்வொரு தன்மைப் பன்மைக்கும் நாமா நாங்களா என்று தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானமே ஒரு விமரிசனமாகும்.

உரையின் நடுப்பகுதி எமது விடயத்துக்கு இன்னும் நெருங்கியது. அடிமையும் மனிதனே என்று நான் வாதிட வேண்டுமா என்று கேட்டு, அத்தகைய வாதம் அவசியமற்றது என்று மறுக்கின்றார். வேர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின மனிதனுக்கு மரணதண்டனை விதிக்கத்தக்க குற்றங்கள் 72, வெள்ளையினத்தவனுக்கோ இரண்டு. தென்மாநிலச் சட்டங்கள் அடிமைக்கு எழுத்தறிவித்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளன. வயலிலுள்ள விலங்குகளுக்கு எதிராக இத்தகைய சட்டம் எவரும் இயற்றுவதில்லை. ஆகவே அடிமை மனிதன் என்பதை எசமானரே ஒப்புக்கொண்டுவிட்டனர். வாதிடேன் என்று கூறிக்கொண்டே மறுக்கவியலாத வாதத்தை முன்வைக்கின்றார். பின்னர், இவ்வேளைக்கு வேண்டியது வாதமன்று, சுடுகின்ற முரண்நகையே என்று வெளிப்படையாகவே அறிவிக்கின்றார்.

இப்பகுதியைத் தந்து, இது ஈதோஸா, பாதோஸா, லோகோஸா என்று ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் மாணவர் என்ன செய்வர்? இலக்கங்களும் சட்டங்களும் இருத்தலால் லோகோஸ் என்பார் ஒருவர். சினம் இருத்தலாற் பாதோஸ் என்பார் மற்றொருவர். முன்னாள் அடிமை பேசுவதால் ஈதோஸ் என்பாரும் உளராவர். மூவரும் சரியே, மூவருக்கும் புள்ளி கிடையாது. உண்மையில் அந்த இலக்கம் நியாயமாவது, அதனை அறிந்தும் வாளாவிருந்த மக்கள் முன்னே அது சொல்லப்படுவதாலேயே. நாணத்தை எழுப்புவதும் அதனாலேயே. தொனிக்கு 'கோபம்' என்று விடையெழுதுவோர்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. உரை அவநம்பிக்கையில் முடியவில்லை. அரசியலமைப்பை விடுதலைக்குரிய ஆவணமாகவே விளக்கி, எதிர்காலத்தில் நம்பிக்கை கூறி அமைகின்றது. நண்பரைக் கண்டிப்பவனின் தொனி அது. பகைவரை ஏசுபவனின் தொனியன்று. கேட்போர் யாரென்று அறியாதவர்க்கு இவ்வேறுபாடு புலப்படுதற்கு வழியில்லை.

ஒரு மறுப்பை இங்கு எதிர்நோக்க வேண்டும். பன்னிரண்டு வயதினருக்குப் பெயர்கள் வேண்டும், பெயரின்றிப் பேச இயலாது என்று ஆசிரியர் கூறுவர். நியாயமே. காலேஜ் போர்ட் பரப்பிய பயிற்சிமுறை ஒன்றில் பேசுவோர், சந்தர்ப்பம், கேட்போர், நோக்கம், பொருள், தொனி என்று ஆறு கட்டங்கள் உள. கேட்போருக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் 'அமெரிக்க மக்கள்' என்று எழுதியதும் அக்கட்டம் நிறைந்துவிடுகின்றது! அமெரிக்க மக்களுள் யார், அன்று மண்டபத்துக்குள் இருந்தோர் யார், உட்புகவே முடியாதிருந்தோர் யார் என்ற வினா அக்கட்டத்தினுள் அடங்காது. வெயின் பூத் 1974 இல் வெளியிட்ட 'முரண்நகையின் சொல்லாட்சி' என்ற நூல், வாசகன் நேர்ப்பொருளை விலக்கி, மாற்றுப் பொருள்களை ஆராய்ந்து, ஆசிரியனின் அறிவும் நம்பிக்கையும் இவையாகத்தான் இருத்தல் வேண்டும் என்று தீர்மானித்த பின்னரே உட்பொருளை அடைகின்றான் என்று காட்டியது. அத்தீர்மானத்துக்கு வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும். 1850 ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அறியாதவன், டக்ளஸின் புகழ்மொழியைப் புகழ்மொழியாகவே கொள்வான்.

வரலாறு வகுப்பறைக்குள் வரும்போது பாடம் அமைதியாக இராது என்பதும் உண்மை. ஆங்கில ஆசிரியர் தேசியப் பேரவை வியட்நாம் போர்க் காலத்திற் பொதுவாழ்வின் பொய்மொழியைக் கண்டிக்க முற்பட்டு, 1974 முதல் மிக மோசமான சொல்லாட்சிக்கு ஓர் ஏளனப் 'பரிசு' வழங்கத் தொடங்கிற்று. முதலாவது பரிசு, கம்போடியாவில் நடப்பது குண்டுவீச்சன்று, வான்வழி உதவி என்று செய்தியாளரைத் திருத்திய விமானப்படை அதிகாரிக்குக் கிடைத்தது. ஆசிரியர்கள் தாமே முரண்நகையைக் கையாண்ட அரிய சந்தர்ப்பம் அது. இன்றைய நிலை வேறு. 2021 முதல் பல மாநிலங்கள், இனவேற்றுமை பற்றிப் பாடசாலையில் எவ்வாறு பேசலாம் என்பதற்குச் சட்ட வரம்புகள் விதித்துள்ளன. டக்ளஸின் நூல் விலக்கப்படாமல் இருக்கலாம். 'உங்கள்' என்பது இன்று யாரைச் சுட்டும் என்று கேட்கும் ஆசிரியர்தான் தயங்க வேண்டியவராகின்றார். பெயர்ச்சீட்டு ஒட்டும் பயிற்சிக்கு அத்தகைய ஆபத்து எதுவுமில்லை. அது செல்வாக்கோடு நிலைப்பதற்கு அதன் எளிமை மட்டுமே காரணம் என்று கொள்ளல் பொருந்தாது.

மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நகரங்களிலே கோடைதோறும் டக்ளஸின் இவ்வுரையை மக்கள் பொதுவிடத்தில் ஒன்றுகூடி வாசிக்கும் வழக்கம் உண்டு. ஒருவரே முழுவதையும் வாசிப்பதில்லை. உரை பந்திபந்தியாகப் பகுக்கப்பட்டு, வந்திருப்போர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஒலிவாங்கியை அணுகி வாசிப்பர். அதே முறையை ஏழாம் வகுப்பொன்றிலும் கையாளலாம். 'உங்கள் சுதந்திர தினம்' என்ற சொற்கள் முதலிற் கறுப்பின மாணவன் ஒருவனின் குரலிலும், அடுத்து வெள்ளையின மாணவி ஒருத்தியின் குரலிலும், பின்னர் அண்மையிற் குடிபெயர்ந்து வந்த குடும்பமொன்றின் பிள்ளையின் குரலிலும் ஒலிக்கட்டும். வாசித்தவர் அவ்வேளையில் யாரைப் பார்த்து வாசித்தார் என்று வகுப்பினரை எழுதச் சொல்லலாம். தொனிச்சொற் பட்டியலை அதன் பின்னர் கொடுக்கலாம்.